மூன்றரை அடி இடம் விட்டால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் பழனி–கொடைக்கானல் மலைச்சாலையைப் பற்றி எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கலர் கலராய் பனியன் போட்ட சைக்கிள்காரர்கள் கும்பலாக ஏறுகிறார்கள், பஸ்ஸுக்கு வழி விடுவதில்லை, இவர்களை அடிவாரத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. கடை மேஜை மேல் யாருடைய பின்சக்கரமோ கிடந்ததால் பேப்பரைத் தரையில் விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகவும், மலையடிவாரத்தில் பூட்டிக் கிடக்கும் வாய்க்கால் கரைப் பாதைக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆயக்குடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வயது 58. கடை அப்பா ஆரம்பித்தது. அப்போது 14 வாடகை சைக்கிள்கள், மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர், மணிக்கு ஐம்பது காசு. 7ஆம் நம்பர் வண்டிக்கு மட்டும் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும், அதனால் அதற்கு அடிதடி நடக்கும். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அதே ஏழாம் நம்பரில்தான். ஊருக்குள் மொபெட்டுகள் பெருகியதும் வாடகைத் தொழில் படுத்துவிட்டது. இப்போது பஞ்சர், ஓவராயில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றுவது, வாரக் கடைசியில் வெளியூர்ச் சைக்கிள்காரர்களுக்குக் கைவைத்தியம். பிழைப்பு ஓடுகிறது.

இந்த வெளியூர்க்காரர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல், மதுரை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். சிலர் சும்மா காற்று வாங்க வருபவர்கள். சிலருக்கு 'பிரெவே' என்று ஒரு கணக்கு உண்டு. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி நேரம், 600க்கு 40 மணி நேரம். பந்தயம் கிடையாது, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்ற ஊர் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும், அதில் சேர இந்தச் சின்ன ஓட்டங்களையெல்லாம் வரிசையாக முடித்திருக்க வேண்டும். இதில் எங்களுக்கு என்ன சம்பந்தம் என்றால், வழியில் இன்ன ஊரை இன்ன நேரத்துக்குத் தாண்டினேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். ஒரு விடிகாலையில் பஞ்சரும் இல்லாமல் ரிப்பேரும் இல்லாமல் ஒருவர் வந்து நின்று, "அண்ணா, ஏதாவது ஒரு பில்லு, டைம் போட்டுக் குடுங்க" என்றார். என்னிடம் இருந்த பில் புத்தகம் தீர்ந்து பத்து வருஷம் இருக்கும். காலண்டர் தாளைக் கிழித்து, 'காற்று அடித்தது, ரூ.5, காலை 6.10' என்று எழுதி, கடை ரப்பர் ஸ்டாம்ப்பைக் குத்திக் கொடுத்தேன். அதை அவர் மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்ட பக்குவத்தைப் பார்த்தால், கிரயப் பத்திரம் வாங்கியவர் மாதிரி இருந்தது.

இவர்களோடு பழகிப் பழகி நானும் விழுந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் தன் பழைய வண்டியைக் கைமாற்றிவிட்டார். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், மொத்த எடை பத்து கிலோ. என் கடை வாசலில் நிற்கும் கறுப்பு வண்டி இருபதுக்குக் குறையாது. "இந்த வயசுல ரோட்டப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே போகணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். முதல் ஒரு மாதம் கழுத்து திரும்பவில்லை.

சரி, மலைச்சாலைக்கு வருகிறேன். பழனி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சற்று மேலே. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. நடுவில் இருப்பது சுமார் 64 கிலோமீட்டர். ஏறும்போது சைக்கிள் மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனால் பெரிது. இரண்டு பேர் ஜோடி போட்டுக்கொண்டு கதை பேசியபடி ஏறினால், பின்னால் வரும் பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த டிரைவருக்கு நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்பது சைக்கிளில் குளிர்ந்த காற்று வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது. இந்த இடத்தில் உங்கள் வாசகர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒற்றை வரிசையில் போங்கள், வளைவில் நின்று போட்டோ எடுக்காதீர்கள் என்று நானும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இறங்குவது இன்னும் மோசம். சவரிக்காட்டுக்கு மேலிருந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கி வருவார்கள். ரிம்மைக் கட்டை உரசி உரசிக் கொதித்துப்போகும், உள்ளே டியூப் வெடிக்கும். மதுரைப் பையன் ஒருவன் அப்படி வெடித்து உருட்டிக்கொண்டு வந்தவன், "ரிம்முதானே, என்ன ஆகும்" என்று நண்பனின் வண்டி ரிம்மைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், முன் பிரேக்கும் பின் பிரேக்கும் மாற்றி மாற்றி. இது அவர்களுக்குச் சொல்வது. வாசகருக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பு என்கிறார். எங்கே அனுப்புவது? திருப்பினால் அவர்கள் போய்ச் சேரும் இடம் நாலு வழிச்சாலை. அங்கே லாரிக்கும் வெள்ளைக்கோட்டுக்கும் நடுவில் சைக்கிளுக்கு மிஞ்சுவது முழங்கை அகலம். சர்வீஸ் ரோட்டில் போகலாம் என்றால் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மலை ஏற வேண்டும் என்று வருகிறவர்கள் பத்தில் இரண்டு பேர்தான். மீதி எட்டுப் பேருக்கு மலையைப் பார்த்துக்கொண்டே சமதளத்தில் அறுபது, எழுபது கிலோமீட்டர் போக வேண்டும், அவ்வளவே. அதற்கு வழி இல்லாமல்தான் மலைச்சாலையில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

வழி இல்லையா என்றால், இருக்கிறது. அது பூட்டிக் கிடக்கிறது. கடிதத்தின் விஷயமே அதுதான், அதற்கு வர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

பழனி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கே நீட்டிய கை. அந்தக் கையின் வடக்கு ஓரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பரப்பலாறு தொடங்கி வரதமாநதி, பாலாறு–பொருந்தலாறு, குதிரையாறு என்று வரிசையாக அணைகள், அதற்கும் மேற்கே அமராவதி. செய்தித்தாளில் மழைக்காலத்தில் நீர்மட்டம் போடும்போது பாலாறு–பொருந்தலாறு 65 அடி என்று பார்த்திருப்பீர்களே, அந்த அணைகள்தான். மலையிலிருந்து இறங்கும் ஆறு ஓடைகள் கூடித்தான் சண்முகநதி என்று பெயர். அணை இருக்கும் இடமெல்லாம் வாய்க்கால், வாய்க்கால் இருக்கும் இடமெல்லாம் கரை, கரை மேல் ஒரு ஜீப் தடம்.

வாய்க்கால் கரையைச் சைக்கிள்காரன் கண்ணால் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடவும் வேண்டும், ஓடுகிற வேகத்தில் கரையை அரித்துவிடவும் கூடாது. அதனால் வெட்டியவர்கள் கிலோமீட்டருக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் என்ற கணக்கில்தான் இறக்கம் கொடுத்திருப்பார்கள். அந்த இறக்கம் சைக்கிளுக்குத் தெரியவே தெரியாது. தார் ரோடு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். வாய்க்கால் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும். தூரம் கூடும், முழங்கால் தப்பிக்கும். மலைப்பக்கத்துக் கரை ஒல்லியாக இருக்கும். வயல் பக்கத்துக் கரைதான் அகலம், தடம் அதில்தான். மேற்கே பார்த்துப் போனால் இடது கைப்பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை, வலது கைப்பக்கம் தென்னையும் கொய்யாவும். கொய்யா என்றால் ஆயக்குடி என்று உங்களுக்கே தெரியும். காலை ஐந்தரைக்கு அந்தக் கரையில் போனால் பழம் எங்கே பழுத்திருக்கிறது என்று மூக்கே சொல்லும்.

எங்கள் கரை முடிந்ததும் நான் ஊர்ச்சாலைகளைப் பிடித்துக்கொள்வேன். பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி, பாப்பம்பட்டி, அங்கிருந்து குதிரையாறு அணை. உடம்பு ஒத்துழைக்கிற நாளில் கொழுமம், குமரலிங்கம் வரை. அங்கே ஒரு தடவையாவது வாசகர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அமராவதி அணை 1950களில் வந்தது. அதற்கு முன்பே ஆற்றிலிருந்து நேராகப் பிரிந்து பாய்ந்தவை அங்கிருக்கிற ராஜவாய்க்கால்கள். கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு. சுற்றிலும் தென்னையும் மக்காச்சோளமுமாய்க் காய்ந்த பூமி, அதற்கு நடுவில் கல்லாபுரம் வயலில் நாற்று நட்டிருப்பதைப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆனி, ஆடியில் மட்டும் மேற்கே போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவிடுகிற அதே காற்று, நம் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மேடே இல்லாமல் மலை ஏறின களைப்பு வரும். திரும்பி வரும்போது அதே காற்று வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும், அது வேறு.

இனி, அந்தக் கரையைப் பூட்டிய சங்கிலியின் கதை. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கரையில் முட்டியளவு பனி. எனக்குப் பழகின தடம், கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்கிற திமிரும் உண்டு. வாய்க்கால் மதகு ஷட்டர் தாண்டி இருபது முப்பது அடி போயிருப்பேன், வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. எழுந்து பார்த்தால் இரண்டு பக்கமும் இரும்புத் தூண், நடுவில் முழங்கால் உயரத்தில் சங்கிலி, ஒரு பெரிய பூட்டு. முந்தின ஞாயிறு அங்கே எதுவும் இல்லை. சங்கிலி எங்கோ துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து வந்து மாட்டியிருக்கிறார்கள். செம்மண் கரையும் அதுவும் ஒரே நிறம். முன்சக்கரம் எட்டு போட்டுவிட்டது. ஐந்து கம்பி போச்சு. என் இடது உள்ளங்கையில் ஒரு சல்லி ஏறி இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தேன். மற்றவன் சக்கரத்துக்கெல்லாம் பெண்டு எடுக்கிற எனக்கு என் சக்கரத்துக்கு எடுக்க முழு நாள் ஆனது, கை வீக்கத்தோடு.

எந்த வாய்க்கால், யார் போட்ட பூட்டு என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் நாளைக்கு இன்னொரு பூட்டு வந்துவிடும். போட்ட காரணமும் எனக்குத் தெரியும், அது நல்ல காரணம். ராத்திரியில் கிராவல் ஏற்றிய டிப்பர்கள் கரை மேல் ஓடின. கரை அந்தப் பாரம் தாங்காது. ஓரிடத்தில் ஒரு அடி இறங்கியே விட்டது. கரை இறங்கி உடைப்பெடுத்தால் கடைமடைக்காரன் பயிர் போச்சு. ஆகவே டிப்பரைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சங்கிலிக்கு ஒரு சாவி இருக்கிறது. சங்கிலி போட்ட பிறகும் கரையில் டிப்பரின் ஜோடி டயர்த் தடம் புதிதாக விழுந்து கிடப்பதை நான் பார்த்தேன். சைக்கிளுக்குத்தான் சாவி இல்லை.

நாங்கள் வாரம் ஒரு நாள் போகிறவர்கள், எங்களை விடுங்கள். தினமும் போகிறவர்களைப் பார்க்க வேண்டும். கரையோரக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரும் பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். கரை வழியே வந்தால் மூன்றரை கிலோமீட்டர். பெரிய ரோட்டைச் சுற்றினால் ஆறு. ஒரு நாள் காலை எட்டே காலுக்கு நான் அங்கே நின்று பார்த்தேன். சங்கிலிக்கு முன்னால் இறங்குகிறார்கள். ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடிக்க, ஒருத்தி கேரியரைப் பிடிக்க, புத்தகப்பையோடு வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார்கள். அப்புறம் இரண்டு பேரும் திரும்பி வந்து அடுத்த வண்டி. எட்டு வண்டி தாண்ட ஆறு நிமிஷம். கடைசியாக வந்த பெண் வெள்ளைத் துப்பட்டாவில் செயின் கிரீஸ் பட்டுவிட்டதைப் பார்த்து அழாத குறையாக, "அண்ணே, இது போகுமா?" என்று என்னைக் கேட்டாள். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, அப்புறம் பாத்திரம் கழுவுகிற சோப் போடு என்றேன். முழுசாகப் போயிருக்காது.

பால்காரருக்குத் தூக்கித் தாண்டும் வழியும் இல்லை. பின்னால் இரண்டு பக்கமும் கேன் தொங்குகிறது. அவர் நாலு வழிச்சாலையில் எதிர்த்திசையில் வருகிறார், எழுபது வயசில். கொய்யாக் கூடை ஏற்றிய எக்ஸ்எல் வண்டிகளும் அப்படித்தான்.

அதனால் பூட்டுப் போட்டவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சங்கிலியை எடுத்துவிட்டு அதே இடத்தில் கல்தூண்கள் நடுங்கள், தூணுக்குத் தூண் மூன்றரை அடி. இந்த மூன்றரை அடி நான் வாயால் சொல்வது அல்ல. கடை வாசலில் பழைய டயர்களை இரண்டு கோபுரமாக அடுக்கி, இன்ச் டேப் வைத்து அளந்து, ஒரு சாயங்காலம் முழுக்கப் போகிற வருகிற வண்டியை எல்லாம் நிறுத்தி நடுவில் விட்டுப் பார்த்தேன். முதலில் மூன்று அடி வைத்தேன். சாதா சைக்கிள் ஹேண்டில்பார் இரண்டடிக்குள்தான், அதெல்லாம் தாராளமாகப் போனது. பால்காரர் வந்தார், வலது கேன் டயரில் உரசி மேல் டயர் விழுந்தது. மூன்றேகாலுக்கு மாற்றினேன். போனார், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூன்றரையில் பாட்டுப் பாடிக்கொண்டே போனார். கூடை கட்டிய எக்ஸ்எல்லும் போனது. எதிர்வீட்டுத் தாத்தாவின் சக்கர நாற்காலியையும் ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தோம், அவருக்கு ஏக சந்தோஷம், இரண்டாவது தடவையும் போகணும் என்றார். ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர் பந்தயம் கட்டி உள்ளே விட்டார். முன்சக்கரம் நுழைந்தது, உடம்பு நுழையவில்லை, டயர் கோபுரம் இரண்டும் சரிந்து ஆட்டோ மேலேயே விழுந்தது. ஆட்டோவே போகாத இடத்தில் மினி லாரி போகுமா, எட்டடி அகல டிப்பர் போகுமா? அணை வேலைக்கு ஜீப் போக வேண்டும் என்றால் நடுத்தூண் ஒன்றை மட்டும் கழற்றி மாட்டுகிற இரும்புத் தூணாக வைத்து, பூட்டை அதற்குப் போடலாம். தூணுக்கு வெள்ளையும் சிவப்புமாய்ப் பட்டை அடித்து, சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று ஒட்டினால் பனியிலும் தெரியும். குறுக்கே எதுவும் தொங்கக் கூடாது. முழங்கால் உயரச் சங்கிலி என்னைத் தள்ளியதோடு விட்டது. கழுத்து உயரத்தில் கம்பி கட்டுகிற ஊர்களும் உண்டு.

தூண் வேலைக்கு வருகிற அன்றே ஷட்டர் பாலத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். மேலே போட்டிருக்கிற இரும்புக் கம்பிச் சட்டத்தில் கம்பிகள் எல்லாம் தடத்தின் திசையிலேயே ஓடுகின்றன. பழைய சைக்கிளின் தடித்த டயர் அதன் மேல் தத்திப் போய்விடும். என் வண்டியின் 28 மில்லிமீட்டர் டயர் நேராக இடுக்கில் இறங்கும். ஒரு திருப்பூர்க்காரர் அப்படி விழுந்து, அவர் செல்போன் வாய்க்காலோடு போய்விட்டது. குறுக்கே நாலு கம்பி வைத்து வெல்டிங் அடித்தால் தீர்ந்தது. கம்பி நான் தருகிறேன்.

தார் மட்டும் போட்டுவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் யாராவது போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தார் போட்டால் கார் வரும், கார் வந்தால் பாட்டில் வரும். இப்போதிருக்கிற செம்மண் தடத்தில் மழைக்குப் பிறகு ஒரு தடவை ரோலர் விட்டால் போதும்.

முள் குத்துமே என்று கேட்பவர்கள் உண்டு. குத்தும். மழை ஓய்ந்து தை, மாசியில் நெருஞ்சி காய்ந்து கரையில் உதிரும். நெருஞ்சிக் காய் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொன்றிலும் முள், எப்படிக் கிடந்தாலும் ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் டியூப்பை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அடுத்த பர்லாங்கில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவ வேண்டும். முள் வெளியே ஒடிந்திருந்தாலும் உள்ளே எள்ளளவு நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நகவெட்டியால் பிடித்து இழுத்துவிட்டு ஒட்டினால் கதை முடிந்தது. நெருஞ்சி எனக்குப் படியளக்கிற செடி, அதனால் இதற்கு மேல் அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன்.

யானை விஷயத்தை மறைக்கக் கூடாது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, அதன் காடு எங்கள் தோப்புகளுக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. பாலசமுத்திரம், ஆயக்குடிப் பக்கத்தில் மாவுக்கும் தென்னைக்கும் யானை இறங்குவது புதிதல்ல. நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் சைக்கிளைத் திருப்பவே இல்லை, அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு நூறடி நடந்தேன். ஆகவே இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் கரையில் யாரும் போகக் கூடாது என்று போர்டு வைத்தால் முதலில் கையெழுத்துப் போடுபவன் நான்தான். என் ஐந்தரை மணியையும் ஆறேகாலுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

சைக்கிளுக்கென்று தனிப்பாதையா, இதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா என்று உங்கள் வாசகர் சிரிக்கலாம். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு வரும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்களுக்காக ஓரத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காவடியும் பச்சை வேட்டியுமாய் வருகிற கூட்டம் லாரிக்கு அடியில் போகக் கூடாது என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, நடந்திருக்கிறது. எங்களுக்குப் புதுப்பாதையே வேண்டாம். பாதை இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து ஊர்க்காரர்கள் போய் வந்ததுதான்.

தூண் நடுவதற்கு முன் அளவு பார்க்க யாராவது வருவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். பத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வண்டிகளின் கூட்டம். டயரை மறுபடி அடுக்கி வைக்கிறேன். பால்காரரையும் கேனோடு வரச் சொல்கிறேன், ஆனால் அவரை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் விட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
ஆயக்குடி, பழனி வட்டம்.

(பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அச்சில் போட வேண்டாம்.)